எழுத எழுதத் தேயும் ஏடு

சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டை, பெயரிலேயே ஒரு சந்தையைச் சுமந்து நிற்கும் பகுதி. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையே பேட்டைக்குப் பெயராயிற்று. இன்று அங்கே எல்லாக் கிழமையும் சந்தைதான். ஓமலூர் வட்டாரத்தில் காய்ச்சிய வெல்லம் மூலப்பிள்ளையார் கோயிலை ஒட்டிய மண்டிகளில் ஏலம் போகிறது. லீ பஜாரில் மஞ்சளும் புளியும் பருப்பும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. சற்றே தள்ளியுள்ள தெருக்களில், திண்ணை அளவேயான பட்டறைகளில், வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோக்கப்படுகிறது.

முன்பெல்லாம் இவ்வணிகம் முழுவதும் ஒரு நூலுக்குள் அடங்கியிருந்தது. சிவப்புத் துணி அட்டையிட்ட பேரேடு. முதற்பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. உள்ளே பற்றும் வரவும். கணக்குப்பிள்ளையைத் தவிர வேறெவரும் அதைத் தொடுவதில்லை. கடை தீப்பற்றினால் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது பணப்பெட்டியையா, பேரேட்டையா என்று கேட்டால், பேரேட்டையே என்று தயங்காமல் சொன்ன வணிகர் இருந்தனர். பணப்பெட்டி கையில் இருப்பதை மட்டும் காட்டும். பேரேடு வரவேண்டியதையும் காட்டும்.

இப்போது கல்லாவின் முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்க வந்தவர் தம் கைப்பேசியை அதன்முன் காட்டுகிறார். பணம் வந்து சேர்ந்ததாகச் சிறிய ஒலிப்பெட்டி அறிவிக்கிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற யூ.பி.ஐ. முறை, 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. அவற்றுள் ஒவ்வொன்றும் எங்கோ எழுதப்பட்டாக வேண்டும். கொடுத்தவரின் வங்கியில் ஒரு பற்று, பெற்றவரின் வங்கியில் ஒரு வரவு, இடையில் நின்று இரண்டையும் இணைத்த கழகத்தில் ஒரு பதிவு என்று ஒரு கிலோ வெல்லத்திற்கே பல குறிப்புகள் தேவைப்படுகின்றன. அவை செவ்வாய்ப்பேட்டையில் எழுதப்படுவதில்லை. தொலைவிலுள்ள தரவு மையங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களில், அடுக்கடுக்காக நிற்கும் சேவையகங்களில் எழுதப்படுகின்றன.

பேரேடு இடம் மாறியதைப் பலரும் அறிவர். அது எழுதப்படும் பொருளும் மாறிவிட்டது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். பனையோலைக்கு ஓர் இயல்பு உண்டு. தாளுக்கு வேறோர் இயல்பு உண்டு. இன்றைய பேரேடு எழுதப்படும் பிளாஷ் நினைவகத்திற்கும் தனக்கே உரிய இயல்பு உண்டு. அவ்வியல்பை அறியாமல், அதன் வேகத்தைக் கண்டு அதனையே பாதுகாப்பு என்று கருதும் போக்கு அலுவலகங்களிலும் கடைகளிலும் பரவிவருகிறது. அப்போக்கு ஆபத்தானது.

சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்

சேவையகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது வன்தட்டு. காந்தப்பூச்சுடைய வட்டத்தகடு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல, அதன்மேல் ஒரு சிறு முனை முன்னும் பின்னும் நகர்ந்து தரவைப் படிக்கும். வேண்டிய இடத்திற்கு முனை நகர்வதற்கும், அவ்விடம் சுழன்று முனையின் அடியில் வருவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 12 மில்லி வினாடி ஆகும். கேட்பதற்கு மிகச் சிறிய நேரம்தான். ஆயினும் ஒரு தட்டால் வினாடிக்கு நூறு இடங்களை ஒட்டியே தேடிச்செல்ல இயலும் என்பது இதன் பொருள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் தத்தம் கணக்கைக் கேட்டு நிற்கும்போது, ஒற்றைக் கணக்குப்பிள்ளை பக்கம் புரட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை அது.

பிளாஷ் நினைவகத்தில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. அதன் அடிப்படைக் கருத்தை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் வெளியிட்டனர். சிலிக்கான் பரப்பின்மேல் மின்கடத்தாச் சுவர்களால் சூழப்பட்ட ஒரு நுண்ணறை அமைக்கப்படுகிறது. ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து அவ்வறைக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தினால் அவை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மின்சாரம் நின்றாலும் வெளியேறா. அறையில் எலக்ட்ரான் இருப்பது ஒரு குறி, இல்லாதிருப்பது மற்றொரு குறி. இந்த இரண்டு குறிகளால் கணினி எதையும் எழுதிவிடும்.

இதனைப் பெருமளவில் பயன்படும் கருவியாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. 1984இல் ஒரு வடிவத்தையும் 1987இல் நாண்டு எனப்படும் மற்றொரு வடிவத்தையும் அவர் உலகுக்கு அறிவித்தார். நினைவகத்தின் பெரும்பகுதி ஒரே நொடியில் அழிவது ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன்பணியாற்றிய ஒருவர் இட்ட பெயரே பிளாஷ். உலகின் கைப்பேசிகள் அனைத்திலும் அவருடைய கண்டுபிடிப்பு இடம்பெற்ற பின்னரும், தமக்குரிய ஈட்டுத்தொகைக்காக மசுவோகா 2004இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2006இல் 8.7 கோடி யென்னுக்கு அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அறிவியல் வரலாற்றில் கண்டுபிடித்தவரும் பயனடைந்தவரும் வேறுவேறாக இருப்பது புதிதன்று.

தொடக்கத்தில் ஓர் அறையில் ஒரு குறி மட்டுமே வைக்கப்பட்டது. பின்னர் எலக்ட்ரான்களின் அளவை நான்கு, எட்டு, பதினாறு படிநிலைகளாகப் பகுத்து, ஒரே அறையில் இரண்டு, மூன்று, நான்கு இரும இலக்கங்களை வைக்கக் கற்றனர். இடம் போதாதபோது நகரங்களில் செய்வதைப் போலவே மாடி எழுப்பினர். 2013இல் 24 அடுக்குகளுடன் விற்பனைக்கு வந்த நினைவகச் சில்லு, அடுத்த பத்தாண்டுகளுக்குள் 200 அடுக்குகளைக் கடந்தது. 2024இல் 122.88 டெராபைட் கொள்ளளவுடைய ஒற்றைச் சேமிப்பகம் அறிவிக்கப்பட்டது. யூனிகோடு முறையில் அ, க போன்ற ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க 3 பைட்டுகள் வேண்டும். ஒரு பக்கத்திற்கு 1,500 குறிகளாக 300 பக்க நூலொன்றைக் கணக்கிட்டால், உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டிக்குள் ஒன்பது கோடி நூல்கள் அமர்ந்துவிடும். வியப்புக்குரியதுதான். ஆனால் ஒன்பது கோடி நூல்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி மட்டுமா என்பதையும் எண்ண வேண்டும்.

சேதாரக் கணக்கு

கொலுசுப் பட்டறைக்குச் செல்பவர் யாவரும் அறிந்த சொல் சேதாரம். வெள்ளியை உருக்கும்போதும் கம்பியாக இழுக்கும்போதும் அராவும்போதும் சிறிது சிறிதாகக் கழிந்துபோவதையே அச்சொல் குறிக்கும். கூலியோடு சேதாரத்தையும் சேர்த்தே கணக்கிடுவது தொழில் மரபு. எவ்வளவு தேர்ந்த கைவினைஞராயினும் சேதாரமின்றி ஒரு கொலுசை உருக்கி மறுகொலுசு செய்துவிட முடியாது.

பிளாஷ் நினைவகத்திலும் சேதாரம் உண்டு. எலக்ட்ரான்கள் அறைக்குள் செல்வதும் வெளியேறுவதும் 10 நானோமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள மின்கடத்தாச் சுவரைத் துளைத்துத்தான். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே அச்சுவர். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவர் சற்றே நலிகிறது. ஓர் அறைக்கு ஒரு குறி என்றிருந்த காலத்தில் ஓரிடத்தில் ஏறத்தாழ இலட்சம் முறை எழுதி அழிக்க முடிந்தது. மூன்று, நான்கு இலக்கங்களை அடைக்கும் இன்றைய மலிவான வகைகளில் அவ்வெண்ணிக்கை சில ஆயிரங்களாகவோ ஆயிரத்தை ஒட்டியோ சுருங்கிவிட்டது. படிநிலைகள் நெருங்க நெருங்க, சுவரின் சிறு நலிவும் எழுத்தைத் திரித்துவிடுகிறது.

இதனினும் விந்தையான இயல்பு ஒன்றும் உண்டு. வகுப்பறைக் கரும்பலகையில் எழுத்து எழுத்தாக எழுதலாம். வேண்டிய சொல்லை மட்டும் துடைக்கவும் செய்யலாம். பிளாஷ் பலகையிலோ சில ஆயிரம் பைட்டுகள் கொண்ட பக்கங்களாக எழுத இயலும்; துடைப்பதென்றால் பல நூறு பக்கங்கள் அடங்கிய தொகுதி முழுவதையும் துடைத்தாக வேண்டும். எனவே ஒரு வணிகரின் இருப்புத் தொகையில் ஓர் இலக்கம் மாறினால், சேமிப்பகம் பழைய எழுத்தைத் தொடுவதில்லை. புதிய தொகையை வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடம் செல்லாது என்று குறித்துக்கொள்கிறது. செல்லாத பக்கங்கள் மிகுந்தபின், அத்தொகுதியில் எஞ்சியுள்ள நல்ல பக்கங்களை மற்றொரு தொகுதிக்குப் படியெடுத்துவிட்டுப் பழையதைத் துடைக்கிறது. ஒரே இடம் மட்டும் தேய்ந்துவிடாதபடி, எழுதும் சுமையை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கவும் செய்கிறது. இவ்வேலைக்கென அறிவிக்கப்பட்ட கொள்ளளவுக்கு மேலாகச் சில அறைகள் மறைவாக ஒதுக்கப்பட்டிருக்கும். சேவையகங்களுக்கு உரிய உயர்வகையில், மின்சாரம் திடீரென நின்றாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆற்றலைத் தேக்கிவைத்திருக்கும் சிறு மின்தேக்கிகளும் உண்டு. வெளியே பார்ப்பவர்க்கு அசையாப் பொருளாகத் தோன்றும் பெட்டிக்குள் இரவும் பகலும் ஓய்வின்றிப் படியெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பிளாஷ் நினைவகம் கல்வெட்டின் இனத்தைச் சேர்ந்ததன்று. அன்றாடக் கணக்கு எழுதும் சிட்டையின் இனம் அது. பணியில் இருக்கும்வரை மிகச் சிறப்பாகப் பணிசெய்யும். மின்சாரத்திலிருந்து பிரித்து அலமாரியில் பூட்டிவைத்தால் மெல்ல மறக்கத் தொடங்கும். மின்னணுக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை இதனைத் தெளிவாக உரைக்கிறது. தனக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு எழுதித் தேய்ந்த ஒரு சேவையகச் சேமிப்பகம், மின்சாரமின்றி 40 பாகை செல்சியசு வெப்பத்தில் மூன்று மாதங்கள் தரவைக் காத்தால் போதுமானது. வீட்டுக் கணினிக்குரிய வகைக்கு 30 பாகையில் ஓராண்டு. வெப்பம் ஏற ஏற எலக்ட்ரான்கள் விரைந்து கசியும். சேலத்தின் கோடையில் ஓட்டுக்கூரையின் கீழுள்ள இரும்பு அலமாரி எவ்வளவு சூடேறும் என்பதை அங்கு வாழ்வோருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பழைய கணக்குகளைப் பயன்பாட்டில் தேய்ந்த ஒரு பிளாஷ் பெட்டியில் ஏற்றிப் பூட்டிவிட்டு, பத்தாண்டுக் கவலை தீர்ந்தது என்று இருக்கும் அலுவலகம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.

சந்தும் சாலையும்

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். லீ பஜாரின் கிடங்கு எவ்வளவு பெரிதாயினும், அதற்குச் செல்லும் சந்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே நுழைய முடியுமென்றால், கிடங்கின் பெருமையால் பயனில்லை. பிளாஷ் நினைவகம் வந்த புதிதில் நேர்ந்ததும் இதுவே. வன்தட்டுக்கென அமைந்த சாட்டா என்னும் பழைய இணைப்பின் வழியே அது பொருத்தப்பட்டது. அவ்விணைப்பில் ஒரே வரிசை. அவ்வரிசையில் 32 கட்டளைகள் நிற்கலாம். வினாடிக்கு 600 மெகாபைட் கடந்துசெல்லலாம். மெல்ல நகரும் தட்டுக்கு அது தாராளம். பிளாஷ் நினைவகத்திற்கோ அது முட்டுச்சந்து.

தீர்வு, சேவையகத்தின் தாய்ப்பலகையிலேயே காத்திருந்தது. எதிர்காலத் தேவை எதுவென அறியாமலே வெற்றிடம் விட்டுவைக்கும் வழக்கம் கணினிப் பொறியாளர்களிடம் உண்டு. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர்க் கணினியில் ஐந்து விரிவாக்கச் செருகுவாய்கள் இருந்தன. அவற்றில் எதைப் பொருத்துவது என்பதை வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம். அம்மரபின் இன்றைய வடிவமாகிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2003இல் வெளியானபோது ஒரு தடத்தில் வினாடிக்கு 250 மெகாபைட் சென்றது. 2019இல் வகுக்கப்பெற்ற ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 4 ஜிகாபைட் செல்கிறது. பிளாஷ் நினைவகத்தை விரிவாக்க அட்டையாகவே அமைத்துச் செயலியின் அருகில் பொருத்தியபோது சந்து சாலையாயிற்று. 2011இல் வெளியான என்.வி.எம்.இ. என்னும் நெறிமுறை, ஒரே வரிசைக்கு மாறாக 65,000க்கு மேற்பட்ட வரிசைகளுக்கு இடமளித்தது.

சாலைக்கும் எல்லை உண்டு. 128 தடங்கள் கொண்ட ஒரு சேவையகத்தின் முன்புறத்தில் 24 பிளாஷ் சேமிப்பகங்களைப் பொருத்தினால், ஒவ்வொன்றுக்கும் நான்காக 96 தடங்கள் அவற்றுக்கே போய்விடும். எஞ்சிய 32 தடங்களில், பதினாறு தடம் கேட்கும் பிணைய அட்டைகள் இரண்டைப் பொருத்தியதும் கணக்கு முடிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான வரைகலைச் செயலி ஒன்றை நாளை சேர்க்க விரும்பினால் எதையேனும் கழற்றியாக வேண்டும். வீட்டு வரவுசெலவைப் போலவே இங்கும் பங்கீடுதான் அறிவு.

ஒரே நாளில் முடிந்த ஆயுள்

இனி, பிளாஷ் சேமிப்பகங்கள் பழுதாகும் விதம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும் என்னும் நம்பிக்கையில், ஒரே தரவை இரண்டு மூன்று சேமிப்பகங்களில் எழுதிவைப்பது தரவு மையங்களின் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு எண்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு விடுத்த எச்சரிக்கை, அவ்வழக்கத்தின் வலுவின்மை ஒன்றை வெளிக்காட்டியது. தனக்கு வேறொரு நிறுவனம் செய்தளித்த சில வகைப் பிளாஷ் சேமிப்பகங்கள், உள்ளிருக்கும் நிரலைப் புதுப்பிக்காவிட்டால், பணிக்கு வந்து 32,768 மணிநேரம் நிறைந்ததும் முற்றிலும் செயலிழக்கும். அதிலுள்ள தரவையும் மீட்க இயலாது என்பதே அவ்வெச்சரிக்கை. 32,768 மணிநேரம் என்பது மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணிநேரம். நேர், எதிர்க்குறியுடன் 16 இரும இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767 என்பதைக் கணினி அறிவியல் பயிலும் மாணவர் உடனே நினைவுகூர்வர்.

ஒரு நிறுவனம் தன் சேமிப்பகங்களை ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் பொருத்துவதே இயல்பு. அவ்வாறு பொருத்தப்பட்டவை அனைத்தும் ஒரே மணியில் அணைந்துவிட்டால், மூன்று படிகள் வைத்திருந்ததன் பொருள் என்ன? மூன்றும் மூன்று படிகளாகத் தோற்றமளித்த ஒரே படி. உரிய காலத்தில் எச்சரிக்கை வந்ததால் புதுப்பித்தவர்கள் தப்பினர். படிகள் வேறுவேறு நாளில், வேறுவேறு இடத்தில், இயன்றால் வேறுவேறு பொருளில் இருக்க வேண்டும் என்னும் பாடம் அதில் இருந்தது.

அப்பாடத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளவில்லை. தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னோடியாகப் பேசப்படும் தென்கொரியாவில், டேஜான் நகரிலுள்ள அரசின் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பு அமைப்பு அதில் அழிந்தது. 858 டெராபைட் தரவு. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்ததால் வெளியே படியெடுத்து வைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். முன்னர்க் குறிப்பிட்ட 122 டெராபைட் பெட்டிகள் எட்டில் அடங்கக்கூடிய தரவு அது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இடமில்லாமை அங்கே உண்மைக் காரணமாக இருந்திருக்க இயலாது. படி வேண்டும் என்னும் எண்ணம் இல்லாமையே காரணம்.

படியெடுத்தவர்கள்

தமிழர்க்கு இவ்விழப்பு புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் அச்சு நூல்கள் பல வேறு நூலகங்களில் இருந்தமையால் மீண்டும் கிடைத்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் என்றென்றைக்கும் மறைந்தன. எரித்த தீ ஒன்றே. தப்பியவற்றையும் தப்பாதவற்றையும் பிரித்தது படி இருந்ததா என்பதுதான்.

பனையோலையும் தேயும் ஏடே. நன்கு பேணினாலும் சில நூற்றாண்டுகளில் செல்லரித்தும் ஒடிந்தும் போகும். அதனால்தான் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். அவ்வாறு எழுதாமல் விடப்பட்டவை இன்று பெயரளவிலேயே அறியப்படுகின்றன. இவ்வரலாற்றில் சேலத்திற்கும் ஓர் இடமுண்டு. 1880இல் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அதுவரை அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் பயின்றிருந்த அவர் இல்லை என்றார். முதலியார் தம்மிடமிருந்த படியை அவரிடம் கொடுத்தார். பின்னர் ஊர் ஊராக அலைந்து தேடிய பல சுவடிகளை ஒப்பிட்டு, 1887இல் சாமிநாதர் அந்நூலைப் பதிப்பித்தார். ஒரே ஒரு சுவடி இருந்து அதிலும் பிழை நேர்ந்திருந்தால், எது சரியான பாடம் என்று துணிய வழி இருந்திருக்காது. பல ஊர்களில் பலர் எடுத்த படிகளே ஒன்றன் பிழையை மற்றொன்றால் திருத்த உதவின. தரவு மையத்தில் இன்று நடைபெறும் பிழைதிருத்தமும் இதே கருத்தில் எழுந்ததுதான்.

இக்காலத்திலும் அவ்வறிவு தமிழகத்தில் மறைந்துவிடவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், அரிய நூல்களை நுண்படச் சுருளில் பதிவுசெய்தது. பின்னர் எண்ணிம வடிவிலும் மாற்றிவருகிறது. சுருளுக்கு மின்சாரம் வேண்டா. ஓர் ஒளியும் உருப்பெருக்கியும் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆயிரக்கணக்கான நூல்களை இணையத்தில் தருகிறது. தாள், சுருள், காந்தநாடா, வன்தட்டு, பிளாஷ் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பணி இருக்கிறது. புதியது வந்தவுடன் பழையதைக் குப்பையில் எறிவது முன்னேற்றமாகாது.

இந்திய ரிசர்வ் வங்கி, பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. தரவு எங்கே இருக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அது விடை. எத்தனை படிகள், எவ்வகைப் பொருளில், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடைய பொறுப்பில் என்னும் வினாக்களைக் கேட்க வேண்டியவர்கள், தரவை ஒப்படைக்கும் நிறுவனங்களே. பட்டாவும் வில்லங்கச் சான்றும் மதிப்பெண் பதிவும் இணையத்தில் கிடைக்கும் காலம் இது. ஓர் உழவரின் அரை ஏக்கர் நிலம் அவருடையதே என்று சொல்லும் எழுத்து, எங்கோ ஒரு நுண்ணறையில் அடைபட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. அவ்வெழுத்து மறைந்தால் அவருக்கு ஏற்படும் துயரத்தோடு ஒப்பிட, இன்னொரு படி வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பெருநிறுவனங்கள் இவற்றையெல்லாம் அறிந்தே செய்கின்றன; எளிய வணிகரும் மாணவரும் சேமிப்பகத்தின் உட்கூற்றை அறிந்து ஆவதென்ன என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. வெள்ளியின் வேதியியலை அறிந்தா மக்கள் கொலுசு வாங்குகின்றனர்? ஆயினும் சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் செவ்வாய்ப்பேட்டையில் எவரும் கொலுசு வாங்குவதில்லை. உருக்கும் கலை தெரியாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி தெரிகிறது. சேமிப்பகத்தைப் பொறுத்தும் அவ்வளவு தெரிந்தால் போதும். ஓர் ஊராட்சி அலுவலகமோ கூட்டுறவுச் சங்கமோ பள்ளியோ சேவையகச் சேவையை விலைக்குப் பெறும்போது, வினாடிக்கு எத்தனை ஜிகாபைட் என்பதைப் பெரிய எழுத்திலும் படிகளைப் பற்றிய செய்தியைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட விலைப்பட்டியலே கைக்கு வருகிறது. கேட்கப்படாததை எந்த விற்பனையாளரும் தாமாக முன்வந்து சேர்ப்பதில்லை. படி வைத்திருப்பதாகச் சொல்வதும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியிலிருந்து தரவை மீட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். திறந்தே பார்க்கப்படாத படியில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை மண்டிகள் சிலவற்றில் இரவு கடையடைக்கும் முன் இன்னும் ஒரு வேலை நடக்கிறது. கணினித் திரையில் தெரியும் அன்றைய மொத்த வரவையும், யார் யாரிடம் எவ்வளவு நிலுவை என்பதையும் கணக்குப்பிள்ளை ஒரு நீளக் குறிப்பேட்டில் மையால் எழுதுகிறார். கால் மணிநேர வேலை. கணினி வந்தபின் இது எதற்கு என்று கேட்கும் இளைய தலைமுறைக்கு, ஒருநாள் திரை எழும்பாமல் போனபோது மறுநாள் காலை ஏலத்தை அந்தக் குறிப்பேட்டை வைத்தே நடத்திய கதை சொல்லப்படுகிறது.